அறை வாடகையை மிச்சம் பிடித்த நாள்: ஒரு திருப்பூர் தம்பதியின் செந்தோசா பயணம்

இது 2025 அக்டோபர் முதல் வாரத்தில், சிங்கப்பூரின் செந்தோசா தீவில் நடந்தது. கணவர், மனைவி இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் அவர்கள் போனில் இருந்த படங்களின் நேரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன். பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. பயணத் திட்டம் எழுதிக் கொடுத்தது நான். இதில் வரும் தவறுகளில் முதல் தவறு என்னுடையது, அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

பின்னணி

கணவருக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். மனைவிக்கு 41. அவிநாசியில் வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறார். மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். குறைந்த செலவில் ஊர் சுற்றுவதில் இருவரும் கெட்டிக்காரர்கள். இரவு ரயிலில் ஏறி, விடியற்காலையில் இறங்கி, ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் குளித்துவிட்டு, பகல் முழுக்கச் சுற்றி, அன்று இரவே திரும்ப ரயில் ஏறிவிடுவார்கள். ராமேஸ்வரம், மைசூர், திருவனந்தபுரம் எல்லாம் இப்படிப் பார்த்தவைதான். ரூம் எடுப்பது என்பதே அவர்கள் கணக்கில் வீண் செலவு. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இந்தப் பழக்கத்தில் இருக்கிறது.

அவருக்கு ஐந்து வருஷமாகச் சர்க்கரை. காலை, இரவு மெட்ஃபார்மின். காலையில் அதோடு கிளிமிபிரைடு. இந்த இரண்டாவது மாத்திரை, சர்க்கரையைக் குறைக்கிற இன்சுலினைக் கணையம் சுரக்க வைக்கிற வகை. மனுஷன் சாப்பிட்டானா இல்லையா என்று அது பார்க்காது, போட்டுவிட்டால் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். திட்டம் எழுதும்போது அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை.

விமான டிக்கெட்டை ஜூனிலேயே எடுத்தாயிற்று. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம், மலிவு டிக்கெட், ரத்து செய்தால் காசு திரும்பாது. அப்புறம் ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர்கள் தேங்கின, அவர் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. கேட்டவுடன் லீவு கிடைத்தது, காசுதான் இல்லை. 90,000 என்று வைத்திருந்த பட்ஜெட் 72,000 ஆனது. விமானம் இருவருக்கும் 29,000, விசா முகவர் கட்டணத்தோடு 6,400, கடல் பூங்கா டிக்கெட் 11,500. இதில் எதையும் குறைக்க முடியாது என்று ஒதுக்கிவிட்டால் கை வைக்க மிச்சமிருந்தது சாப்பாடும் அறையும்தான்.

போட்ட திட்டமும் அதன் காரணமும்

முதலில் நான் போட்டது மூன்று இரவு அறை. வியாழன் இரவு விமானம், வெள்ளி காலை ஆறு மணிவாக்கில் இறங்குகிறார்கள். அங்கே மதியம் மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள் என்பதால், வியாழன் இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்தால் இறங்கியதும் போய்ப் படுக்கலாம். அந்த ஓர் இரவுக்கு 5,500 ரூபாய்.

“படுக்கறதுக்கா தம்பி அய்யாயிரம்?” என்றார் அவர். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வியாழனை வெட்டினேன். சனிக்கிழமை புரட்டாசி சனி, சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்று அக்கா (அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சொல்லியிருந்தார். ஞாயிறு கிளம்புகிற நாள். ஆக, கடல் பூங்காவுக்கு வெள்ளிக்கிழமைதான் மிஞ்சியது. “அறை மூணு மணிக்குத்தான், அதுவரை சும்மா இருப்பதற்குப் பூங்காவுக்கே போயிடலாம்” என்று என் கையால் எழுதி அனுப்பினேன். அந்த வாட்ஸ்அப் செய்தி இன்னும் இருக்கிறது.

கடல் பூங்கா டிக்கெட் இரண்டு இடங்களுக்குச் சேர்த்து வாங்கியது. ஒன்று செந்தோசாவில் உள்ள பெரிய கடல்வாழ் காட்சியகம். 2012 நவம்பரில் எஸ்.இ.ஏ. அக்வேரியம் என்று திறந்து, பிறகு பெரிதாக்கி, 2025 ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். இன்னொன்று பக்கத்தில் இருக்கும் நீர்ப்பூங்கா. காலையில் ஏசிக்குள் மீன், மதிய வெயிலில் தண்ணீர் என்று வரிசை போட்டேன். நம் ஊர்ப் புத்தி அப்படித்தான் போகும், வெயில் ஏறினால் தண்ணீரில் இறங்கு என்று. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி நாள் அங்கே இடிமழை, அதிலும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல். மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளித் தண்ணீர் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை.

டால்பினையும் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை இருந்தது. அதற்குத் தனிக் கட்டணம், அதனால் விட்டோம். (நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2013 மே மாதமே மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.)

காலை: 6.10 முதல் 10.40 வரை

இறங்கியது சிங்கப்பூர் நேரம் 6.10, நமக்கு 3.40. நாலரை மணி நேரம் நிமிர்ந்த சீட்டில் உட்கார்ந்து வந்ததில் இருவரும் தூங்கவில்லை. வருகை அட்டையை முன்னாடியே இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்ததால் குடிநுழைவில் தாமதம் இல்லை. இதற்குக் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய உண்டு, அதில் ஏமாறவில்லை. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ, எக்ஸ்போவில் ஒரு மாற்றம், லிட்டில் இந்தியா. விடுதியில் பெட்டியை இலவசமாக வைத்துக்கொண்டார்கள். முகம் கழுவி, சட்டை மாற்றி, சிராங்கூன் சாலையில் இட்லி.

இங்கே இரண்டு விஷயம் நடந்தது. அவர் வழக்கம்போல மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார், ஆனால் தூக்கக் கலக்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். வீட்டில் நான்கு இட்லியும் ஒரு தோசையும் சாப்பிடுகிறவர். இன்னொன்று, சர்க்கரை பார்க்கும் கருவி பெட்டிக்குள் இருந்தது, பெட்டி விடுதியில். “ஒரு நாளைக்குத் தானுங்களே” என்று விட்டுவிட்டார்கள்.

லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃப்ரண்ட் வரை ஊதா நிற ரயில் நேராகப் போகிறது, அறிவிப்பு தமிழிலும் வரும். அங்கிருந்து தீவுக்குள் போக மோனோ ரயிலுக்கு ஆளுக்கு நான்கு சிங்கப்பூர் டாலர். கடலை ஒட்டிய நடைபாதையில் போனால் காசில்லை. டாலருக்கு 69 ரூபாய் கணக்கில் இருவருக்கும் 550 ரூபாய் மிச்சம் என்று நடந்தார்கள். இதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், நல்ல நடைபாதை, நகரும் தளமும் இருக்கிறது. தூங்காத உடம்பு என்பதுதான் பிரச்சினை. ‘சந்தோஷம்’ என்ற சொல்தான் மலாயில் செந்தோசா ஆகியிருக்கிறது என்று படித்துக் காட்டியிருக்கிறார் அக்கா. கணவர் கொட்டாவி விட்டாராம்.

10.20க்கு நீர்ப்பூங்காவின் உடை விதியைப் படித்தார்கள். நீச்சலுக்கு உரிய துணிதான் போட வேண்டும். அக்கா எடுத்துப்போனது பருத்திச் சுடிதார். நம் பக்கத்து நீர்ப்பூங்காக்களில் நைலான் உடை வாடகைக்குக் கிடைக்கும், அதே நினைப்பில் போயிருக்கிறார். கடையில் முழங்கை, முழங்கால் மூடுகிற மாதிரி ஒரு நீச்சல் உடை 45 டாலர். 3,100 ரூபாய். பாலியெஸ்டர் ஸ்பாண்டெக்ஸ் துணியை நாள் முழுக்கக் கையில் பிடித்துத் தையல் பார்க்கிற மனுஷன் இதற்கு 3,100 கொடுத்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்பட்டையைத் திருப்பி எந்த நாடு என்று பார்த்திருக்கிறார். வங்கதேசம். அது வேறு எரிச்சல்.

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் அந்தத் துணி 400 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஆனால் நான் சொல்ல வருவது விலையைப் பற்றி இல்லை. அந்த 3,100 போன பிறகு அவர் மனசு அந்த நாளின் மற்ற செலவுகளில் எல்லாம் கை வைக்க ஆரம்பித்தது. வழியில் ஜூஸ் வேண்டுமா என்று அக்கா கேட்டதற்கு வேண்டாம் என்றது அப்போதுதான்.

11 மணி முதல் 12.50 வரை: கவனித்தவை

உள்ளே போனதும் முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. சொறிமீன் (ஜெல்லிஃபிஷ்) அறையில் மட்டும் 31 படம். வீட்டிலிருந்து கொண்டுபோன புளிசோறு பையில் இருந்தது. வெளிச் சாப்பாட்டை உள்ளே சாப்பிடக் கூடாது. 12 மணிக்கு அக்கா, வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார். வெளியே போனால் திரும்ப விடுவார்களோ என்னவோ, எல்லாவற்றையும் பார்த்துவிட்டே போகலாம் என்றார் அவர். விடுவீர்களா என்று யாரையும் கேட்கவில்லை. உள்ளே இருந்த உணவகத்தில் புரட்டாசிக்கு ஒத்து வருகிற மாதிரி என்ன இருக்கிறது என்று பார்க்கவும் இல்லை, விலையை நினைத்து.

அப்புறம் அவரிடம் வந்த மாற்றங்களை அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். பலகைகளைப் படிப்பதை நிறுத்திவிட்டார். அடிக்கடி கொட்டாவி. ஏசியிலும் கழுத்தில் வேர்வை. கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வந்தது. ஒரு தடவை, “சும்மா வா அம்மணி, நொய் நொய்யின்னு” என்று எரிந்து விழுந்தார், பொதுவாக அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அக்காவிடம் ஒரு விளக்கம் இருந்தது: ராத்திரி தூக்கம் இல்லை, அதான்.

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம். சர்க்கரை இறங்குவதன் அறிகுறியும் தூங்காதவனின் அறிகுறியும் பாதிக்கு மேல் ஒன்றேதான். வீட்டில் நடந்திருந்தால் வேர்வையைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்திருக்கும். விமானத்தில் விடிய விடிய விழித்த அடுத்த நாள் என்பதால் எல்லாவற்றையும் தூக்கக் கணக்கில் எழுதிவிட்டார்.

பெரிய தொட்டியின் முன்னால் வந்து நின்றார்கள். 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரக் கண்ணாடி, அதற்குப் பின்னால் திருக்கை, சுறா எல்லாம் சுற்றிவருகிற நீல இருட்டு. 12.46க்கும் 12.51க்கும் நடுவில் அவர் எடுத்த மூன்று படங்களும் ஆடிப்போயிருக்கின்றன. மூன்றாவது படம் எடுக்கும்போது அக்கா அவர் கையைப் பார்த்தார்.

“ஏனுங், கை ஏனுங் இப்படி நடுங்குது?”

அவர் பதில் சொல்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் முடிவு: சர்க்கரை கொடுப்பது

அக்கா காப்பிக்கு வெள்ளைச் சர்க்கரை தொடமாட்டார். எங்கே போனாலும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பியில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கைப்பையில் இருக்கும். அது இருக்கிறது என்பது உடனே நினைவுக்கு வந்தது என்கிறார், ஆனால் எடுக்கவில்லை. சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையா என்று ஒரு தயக்கம். ஐந்து வருஷமாக அந்த வீட்டில் அவருக்குச் சர்க்கரை காட்டாமல் இருந்த கை. இரண்டு நிமிஷம் போயிருக்கும் என்கிறார். பிறகு, அவிநாசி டாக்டர் எப்போதோ சொன்ன ஒரு வரி ஞாபகம் வந்ததாம்: ஏறினால் நாளைக்குப் பார்த்துக்கலாம், இறங்கினால் இப்பவே பார்க்கணும். டப்பியைத் திறந்து தோராயமாக மூன்று ஸ்பூன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

இது சரியான முடிவு, அளவும் கிட்டத்தட்ட சரி. நினைவு இருக்கிறவர், விழுங்க முடிகிறவர் என்றால் 15 கிராம் அளவுக்குச் சீக்கிரம் கரைகிற இனிப்பு, 15 நிமிஷம் பொறுத்துப் பார்ப்பது, சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை, அப்புறம் சாப்பாடு. இதுதான் மருத்துவர்கள் சொல்லும் முறை. கையில் கருவி இல்லையென்றால் சந்தேகத்துக்கே கொடுத்துவிட வேண்டும், அளந்து பார்க்கக் காத்திருக்கக் கூடாது. பையில் கடலை மிட்டாயும் இருந்திருக்கிறது. நல்லவேளை அதைக் கொடுக்கவில்லை, கடலையில் உள்ள எண்ணெய் இனிப்பு ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குள் ஊழியர் ஒருவர் வந்துவிட்டார், மலேசியத் தமிழர். சக்கர நாற்காலி கொண்டுவரவா என்று கேட்டார், முதலுதவி அறைக்குச் சொன்னார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது, வேர்வை அடங்கியது. இன்னும் இரண்டு ஸ்பூன். பிறகு அந்த ஊழியர் கூடவே வெளியே வந்து ஒரு நிழல் இருக்கையைக் காட்டி, “மொதல்ல சாப்புடுங்க அண்ணே, அப்புறமா உள்ள வரலாம், நான் சொல்லிடுறேன்” என்றார். 12 மணிக்குக் கேட்காமல் விட்ட கேள்விக்கு 1.20க்குப் பதில் கிடைத்தது.

இரண்டாவது முடிவு: நீர்ப்பூங்காவை விடுவது

1.40க்கு எனக்கு அழைத்தார்கள். நான் அப்போது பேசியதையும் எழுத வேண்டும். உடம்பு பரவாயில்லை என்று அவர் சொன்னதும் நான் கேட்ட அடுத்த கேள்வி, “நீர்ப்பூங்கா டிக்கெட் இன்னைக்கு மட்டும்தான் செல்லுங்ண்ணா, என்ன பண்ணப் போறீங்க?” என்பது. சற்று முன்னால் அவர் நடுங்கித் தரையில் உட்கார்ந்தது எனக்குத் தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். விசாரிக்கவில்லை என்பதுதான் உண்மை.

அவர் போகத் தயாராக இருந்தார். “குடுத்த காசுங்க. துணி வேற வாங்கிப்போட்டோம்.” புளிசோறு உள்ளே போனதில் தெம்பு வந்திருந்தது, அந்தத் தெம்பை அவர் நம்பினார். அக்கா மறுத்துவிட்டார். கிளிமிபிரைடின் வேகம் ஒரு நாள் நீடிக்கும், ஒரு தடவை இறங்கியவருக்கு அன்றைக்கே மறுபடி இறங்கலாம் என்கிற மருத்துவக் காரணமெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது இதுதான்: “தண்ணிக்குள்ள மயக்கம் வந்தா ஆருங்க தூக்குறது? எனக்கு நீச்சல் தெரியுமா?”

2.30க்கு வானம் இருட்டி இடி இறங்கியது, வெளியே எல்லாம் நின்றுபோனது. ஆக எப்படியும் போயிருக்க முடியாது. ஆனால் அக்கா முடிவெடுத்தது மழைக்கு முன்னால் என்பதைக் குறித்து வைக்கிறேன், ஏனென்றால் அவர் இப்போது கதை சொல்லும்போது மழை வந்ததால் விட்டோம் என்கிறார்.

மதியம்

2.10 முதல் 4.20 வரை அதே பெரிய தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து நாற்பது நிமிஷம் தூங்கினார். நடுவில் இரண்டு தடவை அக்கா தட்டி எழுப்பி, பேச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கவிட்டார். அவர் தூங்கிய நேரத்தில் அக்கா பார்த்ததை என்னிடம் விரிவாகச் சொன்னார். மாந்தா திருக்கை ஒன்று ஒரே பாதையில் சுற்றிவருகிறது, கண்ணாடிக்குப் பக்கத்தில் வரும்போது ஒரு பக்கச் சிறகை மட்டும் தாழ்த்தித் திரும்புகிறது, அந்த ஓரம் கிராஸ் கட்டில் வெட்டிய துணி விழுகிற மாதிரி விழுகிறதாம். தையல்காரர் கண். காலையில் இரண்டு மணி நேரத்தில் எடுத்த 140 படங்களில் எந்த மீன் எது என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. மதியம் எடுத்தது நான்கே படம்.

திரும்பும்போது மோனோ ரயில், தீவிலிருந்து வெளியே வர அதில் காசு கிடையாது. 5.30க்கு அறை. ஆறு மணிக்குப் பார்த்தபோது சர்க்கரை 212, நாட்டுச் சர்க்கரையும் புளிசோறும் சேர்ந்து ஏற்றியது. இரவு சூப்பர்ட்ரீ என்கிற பெரிய செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி இலவசம் என்று திட்டத்தில் இருந்தது, போகவில்லை. காலை வரை தூங்கினார்கள்.

சனிக்கிழமை பெருமாள் கோயில் வரிசையில் நின்று, அதற்கு அப்புறம் நாள் முழுக்க நடந்தார்கள், வெள்ளியைவிட அதிகம். ஒன்றும் ஆகவில்லை. அதே மாத்திரை, அதே வெயில். வித்தியாசம் தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும்தான்.

பிறகு

ஊருக்கு வந்ததும் டாக்டரைப் பார்த்தார்கள். கிளிமிபிரைடு அளவைக் குறைத்தார். நேரம் மாறுகிற நாடுகளுக்குப் போனால் எந்த மாத்திரையை எப்போது போடுவது, சாப்பிட முடியாவிட்டால் எதை விடுவது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். இதைப் போகும் முன்பே வாங்கியிருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை.

கணக்கையும் பார்த்தோம். அறையை வெட்டியதில் மிச்சம் 5,500. பயன்படாமல் போன நீர்ப்பூங்கா டிக்கெட் இருவருக்கும் சுமார் 5,200. நனையாத நீச்சல் உடை 3,100. ஆக 2,800 ரூபாய் கைவிட்டுப் போனது. உடை வீண் போகவில்லை என்றும் சொல்ல வேண்டும். அக்கா அதைப் பிரித்து, பேப்பரில் பேட்டர்ன் எடுத்து, காதர்பேட்டை ஸ்பாண்டெக்ஸில் தெருவில் இரண்டு பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

மறுபடி போட்டால்

இறங்குகிற நாளில் காசு கட்டின எதையும் வைக்கமாட்டேன். முந்தின இரவுக்கு அறை எடுக்க முடியாவிட்டால், பெட்டியை வைத்துவிட்டு அக்கம்பக்கம் காலாறச் சுற்றி, அறை கிடைத்ததும் படுப்பது. வெள்ளி தூங்கி, சனி காலை பெருமாள், சாயங்காலம் ஓஷனேரியம் என்று போட்டிருந்தால் இருந்த நாட்களுக்குள்ளேயே முடிந்திருக்கும், ஐயாயிரம் கூடுதலாகச் செலவழிக்கவே வேண்டியதில்லை. இது அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டு இடம் சேர்ந்த டிக்கெட் நாற்பது தாண்டியவர்களுக்கு வேண்டாம். தண்ணீர்தான் வேண்டும் என்றால் காலை பத்து மணிக்கே, இடிக்கு முன்னால். மாத்திரை, கருவி, குளுக்கோஸ் மூன்றும் கைப்பையில், பெட்டியில் அல்ல. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று நுழையும்போதே வாசலில் கேட்டுவிட வேண்டும். நடைபாதையையும் புளிசோறையும் மாற்றமாட்டேன், அவை இரண்டும் நல்ல யோசனைகள். நான் மாற வேண்டியது ஒன்று: இப்போது திட்டம் கேட்டு வருகிறவர்களிடம் பட்ஜெட்டுக்கு முன்னால் மாத்திரைப் பட்டியலைக் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள்.

டிசம்பரில் போக, கணவருடைய கூடப்பிறந்த அக்கா குடும்பம் இதே பயணம் கேட்டது. முதல் நாள் கட்டத்தில் ‘அறை, தூக்கம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். சாயங்காலமே போன் வந்தது. “தூங்கறதுக்கு எதுக்குங்க தம்பி அவ்வளவு தூரம் போகோணும்?”